பயோடீசலும் இரண்டு லாஞ்சுகளும்: மும்பைத் துறைமுகத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பையில் பாவுச்சா தக்கா பக்கம் லாஞ்ச் வைத்துத் தொழில் செய்யும் ஒரு தமிழர் நிறுவனத்தில் நடந்தது இது. துறைமுகத்துக்குள் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு வெல்டர், ஃபிட்டர், பெயிண்டர், சர்வேயர் என ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதும்தான் அவர்கள் வேலை. வணிகக் கப்பல் ஏஜென்டுகள் பெரும்பாலான வாடிக்கையாளர்கள். கடற்படைக்கு ஒப்பந்த வேலை செய்யும் கம்பெனிகளும் உண்டு.

முதலாளி தூத்துக்குடிக்காரர். எஞ்சின் பொறுப்பு முழுவதும் கடற்படையில் ஆர்ட்டிஃபைசராக, அதாவது எஞ்சின் பார்க்கும் தொழில்நுட்ப வீரராக, இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கையில். நீராவிக் கப்பலில் ஃபர்னஸ் ஆயில் எரித்த காலத்தில் சேர்ந்து, கேஸ் டர்பைன் கப்பலில் வேலை பார்த்து வெளியே வந்தவர். எல்லோருக்கும் அவர் ‘சீஃப்’. அவருக்குக் கீழே தாராவியிலிருந்து வரும் ஓர் இளம் மெக்கானிக். பூர்வீகம் திருநெல்வேலி என்பதால் அவன் மட்டும் சீஃப்பை ‘அண்ணாச்சி’ என்பான். படகை ஓட்டும் தாண்டேல்கள் கோலி சமூகத்தவர். எரிபொருள் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புவதும் பதிவுப் புத்தகத்தை வைத்துக்கொள்வதும் என் பொறுப்பு.

லாஞ்சுகளை டீசலுக்கு மாற்றான எரிபொருளில் ஓட்டிப் பார்க்கும் இந்தச் சோதனைக்கான யோசனை முதலாளியுடையது. இந்தியக் கடற்படை எரிபொருள் விஷயத்தில் ஒவ்வொன்றாக மாற்றி வருவதை அவர் கவனித்து வந்தார். 2017-ல் ஐ.என்.எஸ். சர்வேக்ஷக் என்ற அளவாய்வுக் கப்பலில் சோலார் பேனல்கள் ஏறின. துறைமுகத்துக்கு அக்கரையில், உரண் பக்கம் கரஞ்சா கடற்படைத் தளத்தில் 2 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கடற்படை தன் வாகனங்களில் 5% கலந்து ஓட்டியது. “நாளைக்கு இதே நிபந்தனை நம்ம டெண்டர்லயும் வரும் சீஃப். அது வர்றதுக்கு முன்னாடி நாம கத்துக்கிட்டா நல்லது” என்றார். சீஃப் மறுப்பு சொல்லவில்லை, ஒன்று மட்டும் கேட்டார்: “எஞ்சினைப் பத்திக் கவலை இல்ல சார். டேங்கை யார் பாத்துக்கறது?”

அந்தக் கேள்வியின் எடை எங்களில் யாருக்கும் அன்றைக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை. இந்த ஆய்வு முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

எரிபொருளைத் தேர்ந்தெடுத்தது

மூன்று வழிகள் பேசப்பட்டன.

முதலாவது பேட்டரிப் படகு. கேரளத்தில் வைக்கத்திலிருந்து ஓடும் ‘ஆதித்யா’ சோலார் படகு 2017 முதல் ஓடுகிறது, கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகள் 2023-ல் வந்தன. ஆனால் அவை குறித்த வழியில், குறித்த நேரத்தில், சார்ஜ் செய்யும் வசதி உள்ள துறையில் நிற்பவை. எங்கள் லாஞ்ச் எந்தக் கப்பலுக்கு எப்போது போகும் என்று காலையில்தான் தெரியும். புதுப் படகுக்கான முதலும் இல்லை. அது தள்ளிப்போனது.

இரண்டாவது, ஹைட்ரஜன் சேர்த்துப் பதப்படுத்திய புதுப்பிக்கத்தக்க டீசல். எண்ணெய், கொழுப்பு இவற்றை ஆலையில் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினைப்படுத்தி ஆக்சிஜனை நீக்கிவிடுவார்கள். கிடைப்பது வேதியியல்படி ஏறக்குறைய டீசலேதான், டேங்குக்கோ எஞ்சினுக்கோ வித்தியாசம் தெரியாது. சில்லறையாக ஒரு படகுக்காரருக்கு அது கிடைக்கவில்லை.

மூன்றாவது, சாதாரண பயோடீசல். எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்தி, கிளிசரினைப் பிரித்து எடுக்கும் எஸ்டர். இதில் ஆக்சிஜன் இருக்கிறது. பின்னால் வந்த தொல்லைகள் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான். ஆனால் இது கிடைத்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சமையல் எண்ணெயில் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சுடும்போது எண்ணெய் கெட்டு உண்டாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. தாண்டிய எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்பிவிடும் திட்டத்தையும் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. அதன்பிறகு ஓட்டல்களிலிருந்தும் பலகாரக் கடைகளிலிருந்தும் எண்ணெய் சேகரிக்கிறவர்கள் மும்பையில் பெருகினார்கள். மெக்கானிக்கின் வீட்டிலேயே தாராவியில் முறுக்கு சுட்டு விற்கிறார்கள். முதல் பீப்பாய் வந்த அன்று அவன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “எங்க அம்மா சுட்ட எண்ணெயும் இதுல இருக்கும் அண்ணாச்சி” என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை. எரிபொருள் மாற்றம் என்பது இப்படி ஒரு வீட்டு அடுப்பையும் ஒரு கப்பலையும் தொட்டுக்கொண்டு போவது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம்.

20% பயோடீசல், 80% டீசல் என்று முடிவானது. சீஃப் இங்கே ஒரு நிபந்தனை வைத்தார்: அடிப்படை டீசல் அதிகத் தீப்பற்று வெப்பநிலை (எண்ணெயின் ஆவி பொறி பட்டால் தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை) கொண்டதாக இருக்க வேண்டும். சாலை வண்டி டீசலுக்கு இந்தியத் தரத்தில் 35 டிகிரி செல்சியஸ் போதும். கடலில் போகும் கப்பல்களுக்குச் சர்வதேச விதி 60 டிகிரி. இந்தியக் கடற்படை 66 டிகிரிக்குக் குறைந்தால் ஏற்காது. 2020 ஜனவரியில் இந்தியன் ஆயிலோடு சேர்ந்து கடற்படைக்கென்று மேம்படுத்திய டீசலை அறிமுகப்படுத்தியபோதும் இந்த அதிகத் தீப்பற்று வெப்பநிலை அதன் பெயரிலேயே இருந்தது. மூடிய எஞ்சின் அறையில் கசியும் எண்ணெய் ஆவியாகித் தீப்பிடிப்பதுதான் அவர்கள் பயம். பயோடீசலின் தீப்பற்று வெப்பநிலை 100 டிகிரிக்கு மேலே. அதைக் கலந்தால் டீசலும் பாதுகாப்பாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. கலவையில் எது முதலில் ஆவியாகிறதோ அதுதான் தீர்மானிக்கும். விலை கூடினாலும் சீஃப்பின் நிபந்தனையை முதலாளி ஏற்றுக்கொண்டார். இந்தச் சோதனையில் எடுத்த முடிவுகளில் இது மிகச் சரியானது என்பது என் கருத்து.

இரண்டு லாஞ்சுகள்

சோதனைக்கு இரண்டு லாஞ்சுகள் எடுத்தோம். ஒரே கம்பெனி எஞ்சின், ஏறக்குறைய ஒரே திறன்.

முதல் லாஞ்ச் தினமும் ஓடுவது. டேங்க் சில நாட்களிலேயே காலியாகி மறுபடி நிரம்பும். டேங்கின் அடித்தளம் நடுவில் குழிந்து, அந்தக் குழியின் அடியில் வடிகால் வால்வு இருந்தது. தண்ணீர் சேர்ந்தால் அங்கே வந்து நிற்கும், வால்வைத் திறந்தால் வெளியேறும்.

இரண்டாவது, பழைய படகு. மாற்று லாஞ்சாக வைத்திருந்தார்கள். வாரத்தில் சில நாட்கள்தான் வேலை. டேங்க் தட்டையான அடித்தளம் கொண்டது. வடிகால் வால்வு பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே. அந்த ஓர் அங்குலத்துக்குக் கீழே இருப்பதை எந்த நாளும் வடிக்க முடியாது.

சோதனை ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன்பு இரண்டிலும் நைட்ரைல் ரப்பர் சீல்களை எடுத்துவிட்டு, எண்ணெயைத் தாங்கும் வைட்டான் என்ற ரப்பரில் செய்த சீல்கள் போட்டோம். பயோடீசல் நைட்ரைலை ஊதவைக்கும். பழைய சீல் ஒன்றைக் கலவையில் ஊறப்போட்டு எடுத்து, விரலால் நசுக்கி மெக்கானிக்கிடம் காட்டினார் சீஃப். கொழகொழவென்று அமுங்கியது. செப்புக் குழாய்களுக்குப் பதில் எஃகுக் குழாய்கள் வந்தன. செம்பும் பித்தளையும் பயோடீசல் கெட்டுப்போவதை வேகப்படுத்துபவை. டேங்குகளைக் கழுவ வேண்டும் என்று சீஃப் சொன்னார். முதல் லாஞ்சின் டேங்க் கழுவப்பட்டது. இரண்டாவதன் மேன்ஹோல் தளப் பலகைக்கு அடியில் மாட்டியிருந்தது. அதைத் திறக்கத் தளத்தைப் பிரிக்க வேண்டும், படகு பல நாள் நிற்கும். அடியில் உள்ளதைப் பம்பு வைத்து உறிஞ்சியதோடு விட்டார்கள்.

ஜனவரி முதல் மே வரை

முதல் சில வாரங்கள் ஃபில்டர் மாற்றுவதே வேலையாக இருந்தது. பயோடீசல் நல்ல கரைப்பான். பல வருடமாக டேங்கின் சுவரிலும் குழாயிலும் படிந்த கசடை அது கரைத்து இழுத்து வரும். கழுவிய டேங்கிலேயே குழாய்க் கசடு வந்தது, கழுவாத டேங்கைக் கேட்கவே வேண்டாம். இரண்டாவது லாஞ்சின் ஃபில்டர் கிண்ணத்தில் கறுத்த டிகாக்ஷன் நிறத்தில் குழம்பு நின்றது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து, உள்தாளை விரித்துப் படம் எடுத்துத் தேதியோடு வைத்தான். யாரும் சொல்லாமல் அவனாகச் செய்தது. பின்னால் எங்களுக்கு மிகவும் உதவிய ஆவணம் அந்தப் படங்கள்தான்.

பிப்ரவரி நடுவில் இரண்டு லாஞ்சிலும் ஃபில்டர் தொல்லை அடங்கியது. அப்புறம் எஞ்சின்கள் நன்றாகவே ஓடின. புகை குறைந்ததைத் தாண்டேல்கள் முதலில் சொன்னார்கள். இழுவையில் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். பயோடீசலில் ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றல் டீசலைவிட ஏறக்குறைய 8 முதல் 9 சதவீதம் குறைவு. 20% கலவையில் அது 2 சதவீதத்துக்கு உள்ளேயே அடங்கிவிடும், பதிவுப் புத்தகமும் அதை ஒட்டியே இருந்தது. இன்ஜெக்‌ஷன் பம்பின் சத்தம் கொஞ்சம் இதமாகியிருப்பதாக சீஃப் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது: 2020 ஏப்ரலிலிருந்து வரும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) மேல் கிடையாது. கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயல்பான வழுக்கும் குணமும் குறைகிறது. பயோடீசல் சிறிதளவு சேர்ந்தாலே அதை ஈடு செய்யும்.

லூப் ஆயிலை (எஞ்சினின் மசகு எண்ணெயை) மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்தோம். சிலிண்டரிலிருந்து கீழே கசியும் டீசல் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். பயோடீசல் கொதிநிலை அதிகம் என்பதால் லூப் ஆயிலிலேயே தங்கி அதை நீர்க்கச் செய்யும்.

மே மாதக் கடைசியில் முதலாளி, சோதனை வெற்றி என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தொடங்கினார்.

மழைக்காலம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைத் துறைமுகத்தில் சிறு படகுகளுக்கு ஓய்வு காலம். கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் பயணிகள் படகுகூட நின்றுவிடும். ஜூலையில் மட்டும் 800 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டும் ஊர் இது. முதல் லாஞ்ச் துறைமுகத்துக்குள்ளேயே அவசர வேலைகளுக்குத் தொடர்ந்து ஓடியது. இரண்டாவதை தாருக்கானா பக்கம் ஒரு யார்டில் கட்டிப்போட்டார்கள்.

கட்டும்போது அதன் டேங்கில் பாதிக் கலவை இருந்தது. என்ன செய்வது என்று ஒரு பேச்சு நடந்தது. முழுதாக வடித்துவிடலாம் என்றார் சீஃப். வடித்த எண்ணெயை வைக்க இடமில்லை, அனுமதியும் வேண்டும். முழுக்க நிரப்பினால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் ஈரம் படிவது குறையும். ஆனால் ஆளில்லாத யார்டில் முழு டேங்க் எண்ணெயைத் திருட்டுக்கு விட்டுவிட்டுப் போக முதலாளிக்கு மனமில்லை. பல வருடமாகப் பாதி டேங்க் டீசலோடுதான் அந்தப் படகு மழைக்காலத்தைக் கழித்திருக்கிறது, ஒரு முறையும் தொல்லை வந்ததில்லை என்றார். டீசலைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மைதான். அப்படியே விட்டார்கள்.

செப்டம்பரில் கண்டது

செப்டம்பர் கடைசியில் இரண்டாவது லாஞ்சை இறக்கி, தாண்டேலும் மெக்கானிக்கும் கலாசி எனப்படும் படகு உதவியாளர் ஒருவரும் மட்டும் சோதனை ஓட்டம் போனார்கள். ஆட்களை ஏற்றாமல் போகச் சொன்னது சீஃப். நங்கூரமிடும் பகுதியை நெருங்கும்போது எஞ்சின் மூச்சு வாங்கியது, வேகம் இறங்கியது, நின்றுவிட்டது. கடல் வற்றி, நீரோட்டம் வேகமாக வெளியே இழுத்துக்கொண்டிருந்த நேரம். தாண்டேல் யோசிக்காமல் நங்கூரத்தை இறக்கினார். பக்கத்தில் ஒரு டாங்கர் நின்றிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் மிதந்திருந்தால் அதன் நங்கூரச் சங்கிலியில் போய் மாட்டியிருக்கும். முதல் லாஞ்ச் போய்க் கட்டி இழுத்து வந்தது. யாருக்கும் அடி இல்லை.

ஃபில்டரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. தாள் முழுக்கப் பழுப்பும் கறுப்புமாக ஒரு படலம், வெட்டிய வெண்டைக்காயின் வழவழப்போடு. கிண்ணத்தில் தண்ணீர், அதற்கு மேலே மங்கலாகிப்போன எண்ணெய். தண்ணீரும் எண்ணெயும் பிரிந்து நிற்கும் கோடே தெரியவில்லை.

யார்டில் தளப் பலகையைப் பிரித்து மேன்ஹோலைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. மெக்கானிக் டார்ச்சோடு குனிந்தான். சீஃப் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “லே, தலைய உள்ள விடாத. நாத்தம் நின்னுபோச்சுன்னா சரியாயிடுச்சுன்னு நெனைக்காத, அப்பதான் ஆபத்து” என்றார். கடல்நீரில் சல்ஃபேட் உண்டு. காற்றில்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அளவு கூடும்போது அந்த வாயு முகரும் திறனையே மழுங்கடித்துவிடும். நாற்றம் தெரியாமலே ஆள் விழுந்துவிடலாம். பிளோயர் வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, வாயு மானி பாதுகாப்பான அளவு காட்டிய பிறகுதான் ஆள் இறங்கினார், அதுவும் இடுப்பில் கயிறோடு, மேலே காவலுக்கு ஒருவரோடு. இந்தப் பகுதியை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், சிறிய படகு யார்டுகளில் டேங்குக்குள் இறங்கி உயிர்விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது.

டேங்கின் அடியில், வடிக்கவே முடியாத அந்த ஓர் அங்குலத்தில், தண்ணீரும் சேறும் நின்றிருந்தன. சுரண்டிய இடத்தில் எஃகில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு. ஆய்வகத்தில், ஊற்றும்போது இருந்ததைவிட அமில எண் (எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதன் அளவு) ஏறியிருந்தது. நீர் அளவும் அப்படியே.

என்ன நடந்தது என்பதை இப்படிப் புரிந்துகொண்டோம். பாதிக் காலியான டேங்க் மழைக்கால ஈரக்காற்றை உள்ளிழுத்தது, இரவில் அது சுவரில் வியர்த்து வடிந்தது. டீசல் தண்ணீரை ஏற்காது, அது அடியில் போய்க் கிடக்கும். பயோடீசல் பல மடங்கு ஈரத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும், குளிர்ந்தால் வெளியே விடும். தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வாழும். தாவர எண்ணெயிலிருந்து வந்த எஸ்டர் அதற்குத் தின்பதற்கு லேசானது. நுண்ணுயிர் அமிலத்தை உண்டாக்கும், அமிலம் எஃகை அரிக்கும். இதற்கு மேல், எஸ்டர் சோப்பைப்போலத் தண்ணீரை எண்ணெயோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரும் தன் வேலையைச் சரியாகச் செய்யாது.

சீஃப்பின் பாட்டில்கள்

முதல் லாஞ்சில் எந்தத் தொல்லையும் இல்லை. அதே கலவை, அதே பீப்பாய்கள், அதே மழை. அப்படியானால் படகு சும்மா நின்றதுதான் காரணமா, டேங்கின் வடிவமா, கழுவாமல் விட்டதா? மூன்றுமே இரண்டாவது லாஞ்சில் ஒன்றாக இருந்தன. எதைக் குற்றம் சொல்வது என்று படகுகளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

சீஃப் இதற்கு எளிய வழி ஒன்று கண்டார். கண்ணாடிப் பாட்டில்களை எடுத்துச் சிலவற்றில் டீசல், சிலவற்றில் கலவை ஊற்றினார். ஒவ்வொரு வகையிலும் ஒன்றில் ஒரு கரண்டி துறைமுகத் தண்ணீர், ஒன்றில் ஒன்றுமில்லை. யார்டு கொட்டகையில் நிழலில் வைத்துவிட்டார். தைப்பொங்கலுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தோம். தண்ணீர் சேராத கலவை கொஞ்சம் நிறம் கூடியிருந்தது, மற்றபடி தெளிவு. தண்ணீர் சேர்ந்த டீசலில் இடைக்கோட்டில் மெல்லிய ஏடு. தண்ணீர் சேர்ந்த கலவையில் தடித்த பழுப்புத் தோல், பாட்டிலைச் சாய்த்தால் கிழியாமல் சேர்ந்து நகர்ந்தது.

இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் முடிவெடுக்கப் போதுமானதாக இருந்தது. தண்ணீரும் காலமும் சேர்ந்தால்தான் கெடுகிறது. இரண்டில் ஒன்றை அகற்றினாலும் கலவை தாங்கும்.

எடுத்த முடிவுகள்

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஊற்றினால் போதும் என்று மருந்து விற்பவர் சொன்னார். அதை முதல் வேலையாகச் செய்ய மறுத்தோம். செத்த படலம் உரிந்து வந்து மறுபடி ஃபில்டரைத்தான் அடைக்கும். முதலில் கையால் சுரண்டி, கழுவி, காயவைத்தார்கள். அப்புறம்தான் மருந்து. கழிவு எண்ணெயை அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்தார்கள்.

இரண்டாவது லாஞ்ச் வெறும் டீசலுக்குத் திரும்பியது. டேங்கின் அடித்தளத்தில் ஒரு குழி வெட்டிப் பற்றவைத்து வடிகால் வால்வைக் கீழே இறக்கினார்கள். முதலாளிக்கு இதில் மனவருத்தம். முழுத் தோல்வி என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தார். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுக்கலாம் என்று சீஃப்பும் நானும் சொன்னோம், அவர் அப்படியே கொடுத்தார். ஒரு வாடிக்கையாளர்கூட விலகவில்லை.

முதல் லாஞ்ச் கலவையிலேயே தொடர்ந்தது. ஒரே மாற்றம்: மே நடுவிலிருந்து வெறும் டீசல். மழைக்காலத்தில் அதற்கு வேலை குறையும், டேங்க் காலியாக நாளாகும் என்பதால் அந்த ஏற்பாடு. மழை ஓய்ந்ததும் மறுபடி கலவை.

இன்னொன்றும் இந்தச் சமயத்தில்தான் கண்ணில் பட்டது. கட்டிப்போட்ட லாஞ்சில் அடித்தண்ணீர் இறைக்கவும் பேட்டரி சார்ஜ் செய்யவும் நாள்தோறும் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். அந்த டீசல் யார் கணக்கிலும் பெரிதாகத் தெரியவில்லை. யார்டிலிருந்து கேபிள் இழுத்துக் கரை மின்சாரம் கொடுத்தபோது அது அப்படியே நின்றுபோனது. சோலார் பேனல் போடலாம் என்று பேசினோம். படகு நிற்கும் மாதங்கள்தான் சூரியன் முகம் காட்டாத மாதங்கள் என்பதால் கேபிளே சரி என்று முடிவானது. மும்பைக்கு வரும் மின்சாரத்தில் டிராம்பே, டகாணு போன்ற அனல்மின் நிலையங்களின் பங்கு பெரிது, ஆகவே இது புதைபடிவ எரிபொருளிலிருந்து முழு விடுதலை அல்ல. என்றாலும் குறைந்த சுமையில் திணறி ஓடும் சிறு ஜெனரேட்டரைவிட மேல்.

அடுத்த மழைக்காலம் முடிந்து இரண்டாவது டேங்கைத் திறந்தபோது குழியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, படலம் இல்லை.

கடற்படை அளவில் இதன் பொருள்

இரண்டு லாஞ்சை வைத்து ஒரு கடற்படைக்குப் பாடம் சொல்ல முடியாது. ஆனால் கடற்படைகள் எடுத்த சில முடிவுகளின் காரணம் எனக்கு இந்த டேங்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அமெரிக்கக் கடற்படை 2012 ஜூலையில் ஹவாய் அருகே நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் அணியை உயிரி எரிபொருள் கலவையில் ஓட்டியது. அதற்கென 4.5 லட்சம் கேலன் உயிரி எரிபொருளை 1.2 கோடி டாலருக்கு வாங்கியதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. எல்லோரும் விலையைப் பேசினார்கள். அது எஸ்டர் இல்லை, ஹைட்ரஜன் சேர்த்துப் பதப்படுத்தியது என்பதைக் குறைவானவர்களே கவனித்தார்கள். 2016-ல் ஸ்டெனிஸ் என்ற விமானந்தாங்கியின் அணி மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்த எரிபொருளைப் பத்து சதவீதம் கலந்து புறப்பட்டபோதும் அதே வகைதான். காரணம் வெளிப்படை. அவர்களுடைய பல நாசகாரிக் கப்பல்களில் எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்தைக் கடல்நீர் நிரப்பும். கப்பலின் சமநிலைக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். டேங்குக்குள்ளேயே கடல்நீரும் எண்ணெயும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும். அதில் எஸ்டரை ஊற்றினால், சீஃப்பின் தண்ணீர் சேர்ந்த கலவைப் பாட்டில்தான் அது. போதாததற்குப் போர்க்கப்பல் துறையில் பல மாதம் நிற்கும், புறப்படச் சொன்னால் உடனே புறப்பட வேண்டும்.

இந்தியக் கடற்படை பயோடீசலைக் கப்பலில் தொடங்காமல் வாகனங்களில் தொடங்கியதும் இந்தக் கண்ணோட்டத்தில் பொருத்தமாகவே தெரிகிறது. வண்டியின் டேங்க் சிறியது, சீக்கிரம் காலியாகும். நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான திட்டங்கள் வேறு வழியில் போகின்றன. மும்பையை ஒட்டிய அம்பர்நாத்தில் உள்ள கடற்படைப் பொருள் ஆய்வகம் நீர்மூழ்கிக்காக உருவாக்கிய ஃபியூவல் செல் அமைப்பு (ஹைட்ரஜனை எரிக்காமல் ஆக்சிஜனோடு வினைப்படுத்தி மின்சாரம் எடுப்பது), 2021 மார்ச்சில் தரைச் சோதனையில் தன் திறனைக் காட்டியது. ஹைட்ரஜனை நீர்மூழ்கிக்குள்ளேயே உண்டாக்கிப் பயன்படுத்தும் முறை அது. சேமித்து வைப்பதுதான் கடினம் என்று அறிந்தவர்கள் செய்த வடிவமைப்பு.

எரிபொருள் மாறுவது கடற்படைக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியபோது, 1912-ல் குயீன் எலிசபெத் வகைக் கப்பல்களை எண்ணெயில் மட்டுமே ஓடும்படி தீர்மானித்தார்கள். வேகமும் நடுக்கடலிலேயே எரிபொருள் ஏற்றும் வசதியும் கிடைத்தன. கூடவே, 1914-ல் ஆங்கிலோ-பெர்ஷியன் ஆயில் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை அரசே வாங்க வேண்டி வந்தது. உள்ளூரில் கிடைத்த நிலக்கரியை விட்டு தூரத்து எண்ணெயை நம்பிய விலை அது. இந்தியா கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. தாராவி அடுப்பிலிருந்து வரும் எண்ணெயை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். அளவில் அது சிறியது, ஆனால் எந்த ஜலசந்தியும் அதை மறிக்க முடியாது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சோதனையின் கால அளவை எஞ்சின் மணிநேரத்தில் கணக்கிட்டோம். நாட்காட்டியிலும் கணக்கிட்டு, ஒரு மழைக்காலம் முழுதும் கடந்த பிறகே வெற்றி தோல்வி பேச வேண்டும்.

டேங்கைத் திறந்து கழுவ முடியாத படகைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. தளத்தைப் பிரிக்கச் சில நாட்கள் ஆகும் என்று தயங்கியதற்குப் பின்னால் பல வாரங்கள் யார்டில் நின்றது அந்த லாஞ்ச்.

ஒவ்வொரு படகுக்கும் டேங்க் காலியாக எத்தனை நாள் ஆகிறது என்று முதலில் எழுத வேண்டும். எந்த எரிபொருள் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்ய வேண்டும். சீக்கிரம் எரித்துத் தீர்க்கும் படகுக்கு எஸ்டர் பயோடீசல் தாராளமாகப் போதும். நின்றுகொண்டே தயாராக இருக்க வேண்டிய படகுக்கு ஹைட்ரஜன் சேர்த்த டீசல் கிடைக்கும்வரை சாதாரண டீசலே இருக்கட்டும்.

பீப்பாய் வரும்போதே நீர் அளவு, அமில எண், ஆக்சிஜனேற்றத் தாங்குதிறன் (காற்றுப் பட்டுக் கெடாமல் தாங்கும் திறன்) மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். பயோடீசலில் நீர் கிலோவுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, அமில எண் 0.50-க்குள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் சேமித்ததை மறுபடி சோதிக்காமல் ஊற்றக் கூடாது.

தினமும் காலையில் வடிகால் வால்வைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பது இப்போது இரண்டு லாஞ்சிலும் தாண்டேலின் வேலை. தண்ணீர் வந்தால் வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்கள். மெக்கானிக் அந்தப் படங்களையும் பழைய ஃபில்டர் படங்களோடு தேதிவாரியாக வைத்திருக்கிறான். முதலாளி மூன்றாவது லாஞ்ச் ஒன்றை இந்தக் கலவைக்கு மாற்ற விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். அதன் டேங்க் வரைபடம் இன்னும் சீஃப் மேசையில் இருக்கிறது, அவர் கையெழுத்துப் போடவில்லை.